மழைக்காலத்தில் எழுதியது சீசனில் பேசும்

குன்னூரில் அச்சகம் வைத்திருக்கிறேன். பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, காட்டேஜுக்கு மெனு கார்டு, டீத்தூள் பாக்கெட்டுக்கு லேபிள் என்று ஊரில் தொழில் செய்கிற எல்லோரும் ஏதாவது ஒரு வேலைக்கு என் கடைப் படி ஏறியாக வேண்டும். அதனால் இங்கே சிறுதொழில்காரர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒருமுறை கூடிப் பேசலாம் என்று முடிவானபோது, எழுத்து வேலை முழுக்க என் பொறுப்புக்கு வந்தது. சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டேன். அந்த எழுத்து எங்கள் வியாபாரத்துக்கு என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

பெரிய ஊர்களில் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. ஐவன் மைஸ்னர் 1985-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த பிஎன்ஐ (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்) என்ற வியாபாரிகள் அமைப்பு இன்று நமக்குப் பக்கத்துக் கோயம்புத்தூர் வரை வந்திருக்கிறது. ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். வாராவாரம் கூடி, தனக்குத் தெரிந்தவர்களை மற்றவரிடம் அனுப்பிவைக்க வேண்டும். நல்ல முறைதான். ஆனால் எங்கள் ஊர் சின்னது. டீத்தூள் விற்பவர்களே கூட்டத்தில் மூன்று நான்கு பேர். ஒருவரை உள்ளே வைத்து மற்றவரை வெளியே நிறுத்தினால் மறுநாள் மார்க்கெட்டில் முகத்தைப் பார்க்க முடியாது. எல்லோரும் உள்ளே இருந்தால் யாரை எதற்கு அனுப்புவது என்ற கேள்வி வருகிறது. எங்களுக்கு எழுத்து தேவைப்பட்டது இந்த இடத்தில்தான்.

வாட்ஸ்அப் குழு தொடங்கிய புதிதில் வந்ததெல்லாம் காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, தள்ளுபடி போஸ்டர். போஸ்டரில் பாதியை நானே வடிவமைத்துக் கொடுத்திருப்பேன். யாரும் குறை சொல்லவில்லை, யாரும் படிக்கவும் இல்லை. ஒரு கூட்டத்தில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "டீத்தூள் வியாபாரம்", "கட்டட வேலை", "கரண்டு வேலை" என்றுதான் பதில் வந்தது. வருடக்கணக்கில் பழகியவர்கள், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகிறவர்கள். ஆனாலும் அடுத்தவர் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தைக்கு மேல் யாரிடமும் இல்லை. இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் நம்பி அனுப்ப முடியாது.

அப்புறம்தான், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதலாம் என்று பேசினோம். விளம்பரம் கூடாது. வாடிக்கையாளர் உங்களிடம் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி, அதற்கு நீங்கள் சொல்கிற பதில். அவ்வளவுதான்.

எங்களில் ஒரு மேஸ்திரி இருக்கிறார், தடுப்புச் சுவர் கட்டுவதில் கைதேர்ந்தவர். "எனக்கு எழுத வராது தம்பி, வாய்ல சொல்றேன், நீயே எழுதிக்கோ" என்று குரல் பதிவு அனுப்பினார். பின்னால் மழைச் சத்தம், சித்தாள் யாரையோ கூப்பிடுகிற சத்தம், எல்லாம் சேர்ந்து கேட்டது. அவர் சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே தருகிறேன்: "சுவரு மண்ணு பாரத்துல மட்டும் சாயறதில்ல. பின்னாடி தேங்குற தண்ணிதான் தள்ளுது. அதுக்குத்தான் நடுநடுவுல பைப் வெச்சு ஓட்டை விடறோம். பைப்பு வெளிப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு இருக்கணும். உள்பக்கம் உடைச்ச கல்லு போட்டு நிரப்பணும், வெறும் மண்ணைக் கொட்டினா அது வந்து பைப்பை அடைச்சுக்கும். நல்ல மழை பெஞ்ச மறுநாள் போய்ப் பாருங்க. ஓட்டையில தண்ணி வடிஞ்சா பயமில்ல. சுவரு ஊறிப்போய் வயிறு தள்ளி நிக்குது, ஓட்டை மட்டும் காஞ்சு கிடக்குதுன்னா, கீழ் வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்க."

பேச்சை எழுத்தாக்கினேன், சொன்ன விஷயத்தில் கை வைக்கவில்லை. 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்த ஊர் இது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பிடிக்கும். ஐப்பசி பிறந்தால் சரிவில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் குறையும். மேஸ்திரி சொன்ன அந்த ஒரு பக்கத்தை எல்லோரும் அக்கறையாகப் படித்ததற்குக் காரணம் அதுதான். ஒரு காட்டேஜ் உரிமையாளர் தன் வாட்ச்மேனுக்கு அனுப்பினார். அவர் கம்பியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பைப்பாகக் குத்திப் பார்த்துவிட்டு, எது எது அடைத்திருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பினார். அதே வாட்ச்மேன் பக்கத்துக் காட்டேஜ் வாட்ச்மேனிடம் சொல்ல, சென்னையில் இருக்கும் அந்த உரிமையாளர் மேஸ்திரியின் நம்பர் கேட்டு என்னைக் கூப்பிட்டார். மேஸ்திரி கட்டிய சுவர்கள் இந்தச் சரிவுகளில் வருடக்கணக்காக நிற்கின்றன. ஆனால் தெரியாத ஊரில் இருக்கும் ஒருவர் அவரைத் தேடி வந்தது அந்த ஒரு பக்கத்துக்கு அப்புறம்தான்.

இதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. வேலை கொடுத்தவர் வேறு, அந்தப் பக்கத்தைப் படித்து அவரிடம் சொன்னவர் வேறு. மலை ஊர்களில் பரிந்துரை செய்பவர் பெரும்பாலும் காட்டேஜ் வாட்ச்மேன், டாக்ஸி டிரைவர், லாட்ஜ் வரவேற்பில் இருக்கும் பெண், பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர். டூரிஸ்ட் முதலில் கேட்பது இவர்களிடம்தான். ஆகவே நாம் எழுதுவது இவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும், இவர்கள் வாயில் வரக்கூடிய வார்த்தையில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று எங்களில் சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டாண்டில் அடுத்த சவாரிக்குக் காத்திருக்கும் டிரைவர் போனில் படித்து முடிக்கிற தமிழ்தான் எங்களுக்கு வேண்டும். வீட்டில் படுகர் மொழி பேசினாலும், கன்னடமோ மலையாளமோ பேசினாலும், கடைத்தெருவுக்கு வந்தால் எல்லோருக்கும் பொது தமிழ்தானே.

டிரைவர்களைப் பற்றிச் சொல்லும்போது கமிஷனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுற்றுலா ஊர்களில் இது ஊரறிந்த விஷயம். ஆளைக் கொண்டுவந்து கடையில் இறக்கினால் இவ்வளவு என்று பேச்சு. டிரைவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சீசன் இரண்டு மாதம் ஓடுகிற வண்டியில்தான் வருடம் முழுக்க வீடு ஓட வேண்டும். ஆனால் கமிஷன் கொடுக்கிற கடை அதை விலையில்தான் ஏற்றும். டூரிஸ்ட் வெளியே போய் விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஊரையே திட்டிக்கொண்டு மலை இறங்குவார். எங்கள் கூட்டத்தில் கமிஷன் கொடுக்க வசதி இல்லாதவர்களே அதிகம். அவர்களுக்கு எழுத்து ஒரு வழி திறந்தது. ஒரு டிரைவர் சொன்னார்: "வண்டியில வர்றவங்க, நல்ல டீ எப்படிண்ணா பார்க்கிறதுன்னு கேட்பாங்க. இப்ப எனக்குச் சொல்ல விஷயம் இருக்கு. சொன்னா என்னையும் மதிக்கிறாங்க." அவருக்கு அந்த மதிப்பு முக்கியம். அதை நாங்கள் கொடுக்க முடிந்ததில் எனக்குப் பெருமை.

அவர் படித்தது டீத்தூள்காரர் இருவர் எழுதிய பக்கங்களை. இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தெரு, பல வருடப் போட்டி. ஒருவர், சாயம் கலந்த தூளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதினார். வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி மேலே தண்ணீர் தெளித்துவிட்டு, தூளைத் தட்டிவிட்டு, தாளைக் குழாய்த் தண்ணீரில் அலசி வெளிச்சத்தில் பார்த்தால், சாயம் கலந்திருந்தால் தாளில் கோடு கோடாக நிறம் இறங்கியிருக்கும். மற்றவர் ஆர்த்தடாக்ஸ் டீயைப் பற்றி எழுதினார். நான்கைந்து கிலோ பச்சைத் தேயிலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். அதிலும் உருட்டித் திரித்த ஆர்த்தடாக்ஸ் வேறு, நறுக்கி மணிமணியாக வருகிற சிடிசி வேறு. மார்கழி, தை உறைபனிக் காலத்தில் செடி மெதுவாக வளரும்போது பறித்த கொழுந்தில் வாசனை தனி. 1963 முதல் தேயிலை ஏல மையம் இருக்கிற ஊர் இது. 2008-இல் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் டீக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படியிருந்தும் இந்த வித்தியாசம் எங்கள் கூட்டத்திலேயே பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. பால் ஊற்றி ஸ்ட்ராங்காகக் குடிக்கிறவருக்கு ஆர்த்தடாக்ஸ் வீண் செலவு, அவர் முதல் கடைக்கே போகலாம் என்று இரண்டாமவர் தன் பக்கத்திலேயே எழுதியிருந்தார். அதைப் படித்ததும் முதல் கடைக்காரர் எனக்குப் போன் செய்து, "நிஜமாவே அவர்தான் எழுதினாரா?" என்று கேட்டார். இப்போது பால் இல்லாத டீ கேட்கிறவர்களை இவர் அங்கே அனுப்புகிறார், பால் ஊற்றிய ஸ்ட்ராங் டீ வேண்டும் என்பவர்களை அவர் இங்கே அனுப்புகிறார்.

தொழில் ரகசியம் வெளியே போய்விடுமே என்ற பயம் நியாயமானது. வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட் போடுகிற பேக்கரிக்காரர் எழுதவே மாட்டேன் என்றார். மாவு புளிக்க வைக்கிற பக்குவம் அவர் அப்பா கொடுத்தது. அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வாங்கிப் போன வர்க்கி ஏன் நமுத்துப்போகிறது, என்ன செய்யலாம் என்று எழுதுங்கள் என்றேன். ஈரக்காற்று படாத டப்பாவில் போடுங்கள், நமுத்தால் வெறும் தோசைக்கல்லில் சிறு தீயில் சூடு காட்டி ஆறவிடுங்கள் என்று நான்கு வரி கொடுத்தார். அதைத் துண்டுச் சீட்டாக அடித்துப் பாக்கெட்டுக்குள் போட்டோம்.

நானும் எழுதினேன். லேமினேஷனைத் தாளின் ஓரத்தோடு ஒட்ட வெட்டினால் அந்த ஓரம் வழியாகத்தான் ஈரம் ஏறும், நான்கு பக்கமும் கொஞ்சம் பிளாஸ்டிக் விட்டு வெட்டச் சொல்லுங்கள் என்று மெனு கார்டு அடிக்கிறவர்களுக்காக ஒன்று. கல்யாணப் பத்திரிகை ஐம்பது அறுபதுதான் வேண்டும் என்றால், பிளேட் செய்து அடிக்கிற ஆப்செட்டுக்கு வராதீர்கள், பிளேட் செலவே கட்டுபடியாகாது, டிஜிட்டல் பிரிண்ட் கடைக்குப் போங்கள் என்று இன்னொன்று. இரண்டாவதைப் படித்துவிட்டு என் மனைவி முதலில் யோசித்தார். ஆனால் அப்படி நான் அனுப்பிவைத்தவர்கள் பெரிய வேலை வரும்போது என்னிடம் வருகிறார்கள், விலை பேசாமல் வருகிறார்கள்.

எதை எழுதினாலும் தேதி போடச் சொல்லி வற்புறுத்துகிறேன். காட்டேஜ் நடத்துகிற அக்கா ஒருவர், வெளியூர் வண்டிகள் மலைக்கு வர எடுக்க வேண்டிய இணைய அனுமதியான இ-பாஸ் பற்றி எழுதியதில் இதைப் பார்த்தோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் போட்டார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. தேதி இல்லாத பழைய செய்தி ஒன்று வேறெங்கிருந்தோ சுற்றி வந்து, முன்பதிவு செய்த குடும்பங்களைக் குழப்பியது. அக்கா எழுதியதில் தலைப்பிலேயே தேதி இருந்ததால், விதி மாறும்போதெல்லாம் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அனுப்ப முடிந்தது. கொடைக்கானலில் லாட்ஜ் நடத்துகிற அவர் சொந்தக்காரர்கூட அதைப் பார்த்துத் தன் ஊருக்கு ஏற்ற மாதிரி எழுதிக்கொண்டார்.

எழுதுகிற காலமும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் யாரிடமும் கேட்கக்கூடக் கூடாது, மூச்சுவிட நேரமில்லாதவர்கள். மழை பிடித்து, கடைத்தெரு காலியாகி, மூன்று மணிக்கே மூடுபனி இறங்குகிற மாதங்களில்தான் எழுத்து வேலை நடக்கும். என் கடையிலும் அப்போது தாள் ஈரம் இழுத்துச் சுருண்டுகொள்ளும், மெஷின் சீராக ஓடாது, பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்கும். அந்த மாதங்களில் எழுதியதைத் திருத்தி வைத்து, சீசனுக்கு முன்னால் தாளிலும் அடித்து டாக்ஸி ஸ்டாண்டிலும் லாட்ஜ் வரவேற்பிலும் கொடுக்கிறோம். வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டால் இரண்டு நாளில் மேலே போய் மறைந்துவிடுகிறது.

இந்த மழைக்கு கெய்சர் மெக்கானிக் ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறேன். லாட்ஜ்காரர்கள் எல்லோருக்கும் வருகிற புகார்தான் அவருடைய கேள்வி: ஊரில் எங்கள் வீட்டு கெய்சர் பத்து நிமிடத்தில் சூடாகிறது, இங்கே ஏன் ஆகவில்லை? குளிர்காலத்தில் இங்கே குழாய்த் தண்ணீரே சமவெளியைவிட மிகவும் குளிர்ந்து வருவதால், அதே 15 லிட்டர் கெய்சர் அதே சூட்டுக்கு வர ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் எடுக்கும், மெஷினில் பழுது ஒன்றும் இல்லை என்று அவர் எனக்கு விளக்கினார். இதைக் குளியலறைக் கதவில் ஒட்டுகிற அளவுக்குச் சின்னதாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடிக்க வேண்டிய தாளை ஈரம் படாமல் தனியாக எடுத்து வைத்தாயிற்று. இந்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.