ரெட்டினோஸ்கோப்பி தேர்வில் எதைப் பார்க்கணும்?

ரெட்டினோஸ்கோப்பி என்றால், ஸ்கோப்பால் கண்ணுக்குள் ஒளி அடித்து, அது ஓடுகிற விதத்தை வைத்து கண்ணாடி பவரைக் கண்டுபிடிப்பது. ஆப்டோமெட்ரி (பார்வைச் சோதனைப் படிப்பு) செய்முறைத் தேர்வில், மாணவர் எழுதிக் கொடுக்கிற பவரை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீங்க. பக்கத்தில் நின்று அவங்க நோயாளியிடமிருந்து உட்காரும் தூரத்தைப் பாருங்க.

கிடைத்த பவரிலிருந்து இந்தத் தூரத்துக்கான அளவைக் கழிக்கணும். 67 செ.மீ. தூரம் என்றால் கழிக்க வேண்டியது 1.50 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு). பதற்றத்தில் பிள்ளைகள் மெல்ல மெல்ல முன்னால் சாய்ஞ்சிடுவாங்க. தூரம் 50 செ.மீ. ஆகிவிட்டால் 2.00 கழிக்கணும், ஆனால் பழக்கத்தில் 1.50தான் கழிப்பாங்க. விடையில் 0.50 பிளஸ் கூடிவிடும். ஸ்கோப்பில் 67 செ.மீ. நூல் ஒன்று கட்டிவிடுங்க. லென்ஸ் மாற்றும்போதெல்லாம் டிரையல் ஃபிரேம் (நோயாளி போட்டிருக்கிற சோதனைக் கண்ணாடிச் சட்டம்) வரை நீட்டிப் பார்க்கட்டும்.

நோயாளியின் பார்வை எங்கே இருக்கு என்பதும் முக்கியம். 6 மீட்டரில் இருக்கிற எழுத்தை மாணவரின் தலை மறைத்தால், அவர் மாணவரின் முகத்தைப் பார்ப்பார். அக்காமடேஷன் (பக்கத்தில் பார்க்க கண் தானே ஃபோகஸை மாற்றுவது) வந்து மைனஸ் ஏறிவிடும், சின்ன வயசுக்காரர்களிடம் இன்னும் அதிகமாக. நோயாளியின் வலது கண்ணை மாணவர் தன் வலது கண்ணால், இடதை இடது கண்ணால் பார்த்தால் தலை குறுக்கே வராது.

"நியூட்ரல், சார்" (ஒளி ஓடுவது நின்றுவிட்டது) என்றதும் விட்டுவிடாதீங்க. "கொஞ்சம் முன்னால சாஞ்சு பாரும்மா, இப்ப ஒளி எப்படி ஓடுது?" என்று கேளுங்க. முன்னால் வந்தால் வித் (ஒளி ஸ்கோப்போடு சேர்ந்து ஓடுவது), பின்னால் போனால் அகைன்ஸ்ட் (எதிர்த்திசையில் ஓடுவது) வரணும்.

மைனஸ் வந்தால் கணக்கு தடுமாறும். −1.00இல் 1.50 கழித்தால் −2.50; அவசரத்தில் +0.50 என்று எழுதிடுவாங்க. மொத்த பவரையும் கழித்த பிறகு வருவதையும் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்க. கணக்கில் மட்டும் சறுக்கிய பிள்ளைக்கு, ஸ்கோப் பிடித்த மதிப்பெண்ணையும் வெட்டுவது அநியாயம்.