வேலைநாட்களுக்கு நடுவே இறையழைத்தலுக்கு இடம் ஒதுக்கிய அனுபவம்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பூந்தோட்டம், பாலக்கோட்டுப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு, தினமும் பெங்களூருவுக்குப் போய்வரும் பயணம். எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் நாள் இப்படித்தான் போகிறது. வேலை கொஞ்சம் ஓயட்டும், ஆண்டவர் என்னிடம் என்ன கேட்கிறார், அதாவது என் இறையழைத்தல் என்ன என்று பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், வேலை ஓய்வதே இல்லை.

இதற்குத் திருச்சபையில் பழைய வழி ஒன்று உண்டு. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற செப வழிகாட்டி நூல் 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்றது. முழுமையாகச் செய்ய ஏறக்குறைய முப்பது நாள் தனிமை வேண்டும். ஆனால் அதன் தொடக்கக் குறிப்புகளில் 19-ஆவது, பொறுப்புகளை விட்டு வர முடியாதவர்களுக்காகவே எழுதப்பட்டது: அவரவர் வேலையில் இருந்தபடியே, நாளுக்கு ஒன்றரை மணி நேரம். எங்களில் பலருக்கு அதுவும் முடியாது. ஆகவே ஒரு குருவானவரின் வழிகாட்டுதலோடு அரை மணி நேரமாகச் சுருக்கி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தில் தொடங்கி, உயிர்ப்பு ஞாயிறுக்கு ஏழு வாரம் கழித்து வரும் தூய ஆவியார் பெருவிழா வரை செய்தோம்.

முதல் வாரம் செபமே கிடையாது, கணக்குத்தான். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு பெரிய தாளில் ஏழு நாளையும் கட்டம் போட்டு, தூக்கம், வேலை, பயணம், வீடு, செல்போன், கோவில் என்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். செல்போனுக்கு அதன் அமைப்புகளிலேயே இருக்கும் பயன்பாட்டு நேரத்தைப் பார்த்து எழுதுவதுதான் சரி. மனக்கணக்கு எப்போதும் குறைத்தே சொல்லும். இந்தத் தாளில் பலரும் எதிர்பாராத ஒன்று தெரிய வரும். நேரத்தைத் தின்பது உலகக் காரியங்கள் மட்டுமல்ல. பாடகர் குழுப் பயிற்சி, மறைக்கல்வி, மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, அன்பியக் கூட்டம் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடுவது), திருவிழாக் குழு என்று ஒரே ஆள் நாலைந்தில் இருப்பார். அவற்றில் பாதி, கேட்கும்போது மறுக்க முடியாமல் ஏற்றுக்கொண்டவை. இறையழைத்தலுக்குப் பெரிய இடையூறு கோவில் வேலைதான் என்று சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் நாங்கள் கண்டது அதுதான்.

விடுதலைப் பயணம் 18-ஆம் அதிகாரத்தை அந்த வாரம் வாசிப்பது நல்லது. காலையிலிருந்து மாலைவரை தனியாளாய் உட்கார்ந்து வழக்குத் தீர்க்கும் மோசேயிடம் மாமனார் இத்திரோ, இப்படிச் செய்தால் நீரும் களைத்துப்போவீர், மக்களும் களைத்துப்போவார்கள் என்று சொல்லிப் பொறுப்புகளைப் பிரித்துக்கொடுக்க வைக்கிறார். அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு பொறுப்பை மட்டும் கைமாற்ற முடிவெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் பங்கில் மனக்கசப்பு வரும், மூன்று மாதத்தில் எல்லாம் திரும்பியும் வந்துவிடும். முதலில் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். மாற்று ஆளைக் கூடவே வைத்து ஒரு மாதம் பழக்குங்கள். உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்திலோ திருவிழாவுக்குக் கொடியேற்றும் சமயத்திலோ கைமாற்ற வேண்டாம்.

அடுத்தது அந்த அரை மணி நேரம். எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கடிகார நேரம் குறித்தால் ஷிப்ட் மாறும் வாரத்தில் உடைந்துபோகும். ஒரு செயலோடு கட்டிவிட வேண்டும். காலை 6 மணி ஷிப்டுக்குப் போகிறவர், கம்பெனி பஸ் வருவதற்கு முன் எழுந்து செபிக்க முயல வேண்டாம், தூங்கி விழுவார். மதியம் வீடு திரும்பிக் குளித்தவுடன், படுப்பதற்கு முன் வைத்துக்கொள்ளட்டும். நைட் ஷிப்ட் முடித்தவர் முதலில் தூங்கி எழட்டும். மதியம் 2 மணிக்கு வேலை ஏறுபவருக்குத்தான் காலை நேரம் வாய்க்கும்.

பட்டுப்புழு வைத்திருப்போருக்குக் கணக்கு வேறு. கடைசித் தோலுரிப்பு முடிந்து புழு கூடு கட்டப் போகும்வரை உள்ள ஏழெட்டு நாளில், மொத்தத் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தின்றுவிடும். தழை வெட்டுவதும் போடுவதுமாகக் குடும்பமே புழு வளர்ப்பு மனைக்குள் கிடக்கும். அந்த வாரம் அரை மணி நேரச் செபத்தைத் திட்டமிடுவது வீண். இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் பத்து நிமிட ஆன்ம ஆய்வு மட்டும் போதும். கூட்டைத் தருமபுரி அங்காடியில் போட்டுவிட்டு, மனையைக் கழுவி மருந்தடித்துவிட்டு, அடுத்த புழு வரும்வரை ஓர் இடைவெளி கிடைக்கிறதே, நீண்ட செபத்தை அங்கே வைக்க வேண்டும். மாந்தோப்பு உள்ளவர்களும் இப்படியே மே, ஜூன் அறுவடைக்கு முன்பே முக்கியமான பகுதிகளை முடித்துக்கொள்வது நல்லது.

வீட்டுப் பெண்களுக்கு விடியற்காலை என்று அறிவுரை சொல்வதை நிறுத்த வேண்டும். சமையல், பிள்ளைகளின் பள்ளி, ஒகேனக்கல் தண்ணீர் வரும் நேரம் எல்லாம் அப்போதுதான் மோதும். பிள்ளைகள் கிளம்பியபின், அல்லது மாலையில் கணவர் அரை மணி நேரம் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும்போது. கணவர் இதற்கு ஒத்துக்கொள்ளாத வீட்டில் இந்த முறை ஓடாது. ஆகவே தொடங்கும் முன்பே இருவரும் பேசிவிட வேண்டும்.

அரை மணி நேரம் செலவாகும் விதம்: முந்தைய இரவே வசனப் பகுதியை ஒருமுறை வாசித்து வைத்துவிட வேண்டும், பத்துப் பன்னிரண்டு வசனத்துக்கு மேல் வேண்டாம். அமர்ந்ததும் 3 நிமிடம் அமைதி. எதற்காக வந்திருக்கிறேன் என்பதை ஒரே வாக்கியத்தில் ஆண்டவரிடம் கேட்பது. 5 நிமிடம் மெதுவாக இரண்டு முறை வாசிப்பு. 12 நிமிடம் மனம் எந்த வரியில் நின்றதோ அங்கேயே இருப்பது. 5 நிமிடம் நண்பரிடம் பேசுவதுபோல் ஆண்டவரோடு பேச்சு, முடிவில் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' செபம். மீதி 5 நிமிடம் நோட்டில் எழுத. விவிலியம் அச்சுப் புத்தகமாக இருக்கட்டும். செல்போனில் வாசித்தால் இரண்டாம் நிமிடமே வாட்ஸ்அப் ஒலிக்கும்.

ஒரே பகுதியை மூன்று நாள் எடுப்பது முக்கியம். மாற்கு 1:32-38 எடுத்துக்காட்டு. முதல் நாள், ஊரே வாசலில் கூடிய மாலையும் இருட்டோடு எழுந்து இயேசு தனியிடம் போனதும் கண்ணில் படும். இரண்டாம் நாள், எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொல்வது உறுத்தும். மூன்றாம் நாள்தான் பலருக்கும் உறைக்கிறது: தேடிவந்த கூட்டத்திடம் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார், இதற்காகவே வந்தேன் என்கிறார். தேவை இருக்கிறது என்பதாலேயே அது அழைத்தல் ஆகிவிடாது என்பது செபத்தில் அவருக்குத் தெளிவாகியிருக்கிறது.

நோட்டில் மூன்று வரி போதும். எந்த வசனம் தொட்டது, மனதில் என்ன எழுந்தது (அமைதி, பயம், எரிச்சல், ஆசை), எதை நினைத்தபோது எழுந்தது. மூன்றாவது வரியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அது இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்துப் புரட்டும்போது நோட்டு ஒன்றும் சொல்லாது.

இரவில் ஆன்ம ஆய்வு. இஞ்ஞாசியார் தரும் ஐந்து படிகள்: நன்றி, ஒளி கேட்பது, எழுந்தது முதல் அந்த நேரம்வரை அன்றைய நாளை நினைத்துப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். பெங்களூருவிலிருந்து திரும்பும் பஸ்ஸிலும் இதைச் செய்யலாம். ஆனால் முதல் படியைத் தாண்டிவிட்டு நேரே குற்றக் கணக்குக்குப் போனால் ஒரு மாதத்தில் வெறுத்துவிடும்.

மூன்று நான்கு வாரத்தில் வறட்சி வரும். எல்லாருக்கும் வரும். செபம் சலிக்கும், கடிகாரத்தையே பார்க்கத் தோன்றும், விட்ட கோவில் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மனம் சொல்லும். இங்கே இரண்டு விதிகள் உறுதியானவை. வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. குறித்த நேரத்தைக் குறைக்காதே, சற்றுக் கூட்டு. அரை மணி என்றால் முப்பத்திரண்டு நிமிடம் உட்கார். வறட்சிக்கு நம் அசட்டை ஒரு காரணமாக இருக்கலாம், ஆண்டவர் நம்மைச் சோதித்தறிவது ஒரு காரணமாக இருக்கலாம், ஆறுதல் நம் சம்பாத்தியம் அல்ல, கொடை என்று உணர்த்துவதாகவும் இருக்கலாம். எது என்று தனியாகக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். மாதம் ஒருமுறை ஆன்ம வழிகாட்டியிடம் நோட்டோடு போய் முக்கால் மணி நேரம் பேச வேண்டும். இது பாவசங்கீர்த்தனம் அல்ல. பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னோ பின்னோ இந்தப் பேச்சுக்கென்று தனியாக நேரம் கேட்டு வாங்க வேண்டும். மறைத்து வைக்கத் தோன்றும் விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.

தவக்காலம் வரும்போது கேள்வி ஒன்று திரண்டிருக்கும். அதை ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒற்றைக் கேள்வியாக எழுதுங்கள். "கடவுளுக்காக இன்னும் அதிகம் செய்யலாமா" என்பது கேள்வியே அல்ல. "சம்பளம் குறைந்தாலும் நைட் ஷிப்ட் இல்லாத வேலைக்கு மாறலாமா", "வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை பாடம் சொல்லித்தரலாமா" என்பவை கேள்விகள். இரண்டு பக்கமும் நல்லதாக இருக்கும் காரியத்தை மட்டுமே இப்படிக் கேட்க முடியும். திருமணம்போல் ஏற்கெனவே கொடுத்த வாக்கைத் திறந்து கேட்கக் கூடாது. மகன் குருமடம் போகலாமா என்று பெற்றோர் உட்கார்ந்து முடிவெடுப்பதும் முறையல்ல, அது அவன் அழைத்தல்.

தாளில் நான்கு பத்தி: செய்தால் நன்மை, செய்தால் இழப்பு, செய்யாவிட்டால் நன்மை, செய்யாவிட்டால் இழப்பு. எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது பயத்திலிருந்து வந்ததா, பிறர் பார்வைக்காக வந்ததா, அன்பிலிருந்து வந்ததா என்று எழுதுங்கள். பிறகு முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வீர்கள் என்று பாருங்கள். சாகும் வேளையில் எதைச் செய்திருக்க விரும்புவீர்கள் என்றும் பாருங்கள்.

முடிவு வந்தவுடன் வேலையை ராஜினாமா செய்யக் கூடாது. வீட்டில் சொல்லி, உயிர்ப்புக் காலம் முழுதும் அந்த முடிவையே செபத்தில் ஆண்டவர்முன் வைக்க வேண்டும். கலாத்தியர் 5:22-23 சொல்லும் கனிகள், முக்கியமாக அமைதியும் பொறுமையும், நோட்டில் கூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். படபடப்பும் அவசரமும் கூடினால் வழிகாட்டியிடம் திரும்பப் போங்கள். தூய ஆவியார் பெருவிழாவுக்குப் பின் 168 மணி நேரத் தாளை மீண்டும் போட்டு, முடிவுக்குத் தேவையான மணி நேரம் எந்தக் கட்டத்திலிருந்து வரப்போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு அதன்பிறகு தொடங்குங்கள்.