பெர்த்தில் ஒரு சித்தப்பா இருந்தால் போதுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதிலும் இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வதைப் பற்றிப் பேசாத தமிழ்க் குடும்பம் இப்போது அரிது. மின்வெட்டு, வேலை, 2021 ஜூலைக் கலவரம் எனப் பேச்சு எங்கே தொடங்கினாலும், "பெர்த்தில் நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. உறவினர் பிள்ளைகள் சிலருடைய விண்ணப்பக் காகிதங்களைப் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு நான் தரும் விடை இது: உறவினர் இருப்பது உதவும், ஆனால் அவர் உறவினர்தான் என்று காகிதத்தில் காட்ட முடிந்தால் மட்டுமே உதவும்.

குடும்ப ஸ்பான்சர் வழியாகத் திறமைசாலிகள் செல்லும் ஆஸ்திரேலிய விசாவின் எண் 491. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் மட்டுமல்லாமல், தாத்தா பாட்டி, சித்தப்பா, மாமா, அத்தை, அண்ணன் அக்காவின் பிள்ளைகள், பெற்றோரின் உடன்பிறந்தோருடைய பிள்ளைகள் வரை எல்லாரும் அதற்குத் தகுதியான உறவுகள். அந்த உறவு உங்கள் கணவர் அல்லது மனைவியின் பக்கத்தில் இருந்தாலும் ஏற்கப்படும். கனடாவில் அண்ணன் இருப்பதற்குச் சில மதிப்பெண்கள் கிடைக்குமே தவிர, வயது வந்த தம்பியை அண்ணன் வழக்கமான முறையில் ஸ்பான்சர் செய்ய முடியாது. அதோடு ஒப்பிட்டால் ஆஸ்திரேலியப் பட்டியல் நம் கல்யாணப் பத்திரிகை அளவுக்கு விரிந்தது. ஸ்பான்சர் செய்பவர் 18 வயது நிறைந்தவராகவும், குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ தகுதியுள்ள நியூசிலாந்துக் குடிமகனாகவோ, 'பிராந்தியப் பகுதி' என வரையறுக்கப்பட்ட இடத்தில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்றும் அந்த வரையறைக்குள் வராததால், சிட்னியில் இருக்கும் பணக்கார மாமாவால் பயனில்லை. பெர்த் அதற்குள் வருவதுதான் தென்னாப்பிரிக்கர்களின் நற்பேறு. இந்த விசா நடைமுறைக்கு வந்த நாள் 2019 நவம்பர் 16. எங்கள் முன்னோரைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலில் ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல், சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனை அடைந்ததும் 1860-இல் அதே நவம்பர் 16. தற்செயல்தான் என்றாலும், இங்கே ஒருமுறை சொன்னால் யாரும் மறப்பதில்லை.

இந்த விசாவுக்கு வயது, படிப்பு, ஆங்கிலம் போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள். ஸ்பான்சர் கிடைத்தால் அதில் 15 மதிப்பெண் சேரும். குறைந்தபட்சத் தேவை 65. ஆனால் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் ஒவ்வொரு பிரிவிலும் 8 எடுத்தால் 20 கிடைக்கிறது என்பதை எங்கள் பிள்ளைகள் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்தவர்கள் என்பதால் தேர்வை அலட்சியமாக எண்ணுகிறார்கள். பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து பாஸ்போர்ட்டுகளுக்கு உள்ள விலக்கு தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது. மேலும், உறவினர் கையெழுத்திட்டுவிட்டால் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அரசின் அழைப்பு வந்தே தீரும் என்பதில்லை. குடும்ப வழிக்கு ஏற்கப்படும் தொழில்களின் பட்டியல், உறவினருக்குப் பதிலாக ஆஸ்திரேலிய மாநில அரசு ஒன்று பரிந்துரைக்கும் வழிக்கு உள்ள பட்டியலைவிடச் சிறியது. மாநிலப் பரிந்துரைக்கும் அதே 15 மதிப்பெண்தான். நர்ஸ்களுக்கும் பொறியாளர்களுக்கும் இரண்டு வழிகளையும் எண்ணிப் பார்க்குமாறு சொல்கிறேன்.

எங்களைப் போன்ற குடும்பங்களில் உண்மையான தடை பிறப்புச் சான்றிதழ்தான். சித்தப்பாவின் மகன் ஸ்பான்சர் செய்கிறார் என்றால், உங்கள் அப்பாவும் அவருடைய அப்பாவும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்பதைக் காட்ட வேண்டும். அதற்கு நால்வருடைய விரிவான சான்றிதழ்கள் தேவை. 2013 மார்ச் வரை தென்னாப்பிரிக்க உள்துறை அலுவலகம் வழக்கமாகக் கொடுத்தது பெற்றோர் விவரமில்லாத சுருக்கச் சான்றிதழ் என்பதால், இங்கே எல்லாரும் 'அன்அப்ரிட்ஜ்ட்' என்று சொல்லும் விரிவான சான்றிதழைத் தனியாக விண்ணப்பித்து, பழைய பதிவேட்டிலிருந்து எடுத்துவரும் வரை காத்திருக்க வேண்டும். வந்த பிறகுதான் சிக்கல் வெளிப்படும். ஒரே குடும்பப் பெயர்தான், ஆனால் பதிவேட்டில் அண்ணன் கோவெண்டர், தம்பி கவுண்டன். ஒருவருக்கு அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும். அத்தையின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எட்டியதுதான் பல குடும்பங்களின் பெயர்.

தாத்தா பாட்டியின் திருமணம் கோயிலில் நடந்து, அரசில் பதியப்படாமல் போயிருந்தால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறையில் நடக்காத, பதிவாகாத திருமணங்களைச் செல்லாதவை ஆக்கியது. அதை எதிர்த்துப் பெண்களும் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். சிறையில் நோயுற்றுத் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். அதே ஆண்டு வந்த சட்டம் ஒருதார மணங்களுக்கு அங்கீகாரம் பெற வழி திறந்தது என்றாலும், பதிவு செய்யும் பழக்கம் எல்லா வீடுகளிலும் வேரூன்றவில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் உறுதிமொழிப் பத்திரமும் பழைய பள்ளிப் பதிவும் துணைச் சான்றாகலாம். வேலைத் திறன் மதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இந்தச் சங்கிலியை முடித்துவிடுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து.

ஸ்பான்சர் செய்பவருக்கும் பொறுப்பு உண்டு: வருபவருக்குத் தங்குமிடம் தந்து, நிலைபெறும்வரை தாங்குவதாக அவர் ஒப்புக்கொள்கிறார். விசா 5 ஆண்டுக்கானது. அதுவரை பிராந்தியப் பகுதியிலேயே வசித்து வேலை செய்ய வேண்டும். 3 ஆண்டு வரி மதிப்பீட்டு ஆவணங்கள் இருந்தால் நிரந்தர வசிப்புக்கான 191 விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

அப்பா அம்மாவைப் பற்றித்தான் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்டிருக்க வேண்டும். 491 விசாவில் இருப்பவர் பெற்றோரை நிரந்தரமாக அழைக்க முடியாது. நிரந்தர உரிமை பெற்ற பிறகும், பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் நிலையாக வசிக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டிலும் உள்ளவர்களைவிட அங்கே உள்ளவர்கள் அதிகமாக இருக்க வேண்டும். ஒரு மகன் பெர்த்தில், மகள் லண்டனில், இளையவன் டர்பனில் என்றால் அந்தக் கணக்கில் தேற முடியாது. அதன்பின் எஞ்சுவது 870 எண் கொண்ட தற்காலிகப் பெற்றோர் விசாதான். அதற்கு இந்தக் கணக்கு கிடையாது. ஒரு முறைக்கு 3 அல்லது 5 ஆண்டு, மொத்தம் 10 ஆண்டு வரை தங்கலாம், வேலை பார்க்க முடியாது, கட்டணமும் கனமானது.