காதில் பூ சுற்றும் ஒயர்கள்

வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், நண்பர்கள் முதலில் கேட்பது "என்ன கேபிள் போட்டிருக்க?" என்றுதான். சாதாரண செப்பு ஒயர் என்பேன். உடனே முகம் சுருங்கிவிடும். விலை உயர்ந்த கேபிள் போட்டால்தான் ஒலி நன்றாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

வீட்டுக்குள் ஓடுகிற நீளத்துக்கு, ஸ்பீக்கர் ஒயரில் பார்க்க வேண்டியது அநேகமாக மின்தடை ஒன்றைத்தான். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரை ஐந்து மீட்டர் இழுத்தால், போக வரப் பத்து மீட்டர். மின்தடை சுமார் 0.07 ஓம். எதிரே இருக்கும் ஸ்பீக்கர் 8 ஓம். ஒரு சதவீதம்கூட இல்லை. அதே தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் 0.35 ஓம் பக்கம் வரும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது நல்லதில்லை. ஸ்பீக்கரின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) அலைவெண்ணுக்கு அலைவெண் மாறுவதால், ஒலியின் சமநிலையும் லேசாகச் சாயும். தடித்த ஒயர் வாங்கினால் வேலை முடிந்தது. வெள்ளி? செம்பைவிட ஆறு சதவீதம் போல நன்றாகக் கடத்தும். ஒரு சுற்றுத் தடித்த செம்பே அதைக் கொடுத்துவிடும்.

ஸ்பீக்கர் ஒயரில் அம்புக்குறி போட்டு விற்பவர்களை என்ன சொல்ல! அதில் ஓடுவது மாறுமின்னோட்டம், இரண்டு பக்கமும்தான் போய் வரும். ஆனால் ஷீல்டை, அதாவது வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையை, ஒரு முனையில் மட்டும் இணைத்த சிக்னல் கேபிளில் அம்புக்கு அர்த்தம் உண்டு. அதையும் இதையும் குழப்பித்தான் வியாபாரம் நடக்கிறது.

கேபிளோ ஆம்ப்ளிஃபையரோ மாற்றிவிட்டு "எனக்கு வித்தியாசம் கேட்டதே" என்பவரிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. கேட்டிருக்கும். இரண்டில் ஒன்று துளி சத்தமாக இருந்தாலே, நம் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்று சொல்லும். அதனால் ஆம்ப்ளிஃபையர்களை ஒப்பிடும்போது முதலில் 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைக்கிறேன். ஒன்றில் 2.00 வோல்ட், மற்றதில் 2.05 என்றால் அதுவே 0.2 டெசிபல். அதைச் சமன் செய்துவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும். (1000 ஹெர்ட்ஸில் மலிவு மீட்டரை நம்பாதீர்கள், கதை விடும்.) இப்படிக் கேட்கவைத்தால், அதுவரை "திரை விலகியது போல" என்றவர்கள் தலையைச் சொறிவார்கள்.

உயர்தர டிஜிட்டல் ஃபைல் விஷயத்திலும் இதே கதைதான். 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், எஸ்ஏசிடி என்ற உயர்தர வட்டின் ஒலியை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் (சாதாரண சிடியின் தரம்) வழியே கடத்தியதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 554 முறையில் 276 சரி. பூவா தலையா போட்டாலும் அவ்வளவுதான் வரும். 2016-ல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சரியாகச் சொன்னது 52.3 சதவீதம் வந்தது. ஏதோ இருக்கிறது, ஆனால் மயிரிழை.

அறை விவகாரம் மயிரிழை அல்ல. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நான்கு மீட்டர் என்றால் 43 ஹெர்ட்ஸில் ஒலி அங்கேயே நின்று முழங்கும். சுவரோரம் உட்கார்ந்தால் பேஸ் காதை அடைக்கும். சரியாக நடுவில் உட்கார்ந்தால் அந்த அலைவெண் காணாமல் போகும். நாற்காலியை அரை மீட்டர் நகர்த்திப் பாருங்கள், காசு செலவில்லை. எந்தக் கேபிளும் அவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவராது. நாற்காலி நகர்ந்தால் வீட்டில் திட்டு விழும், அது வேறு விஷயம்.