ஈர நெல்லுக்கு 64 வழிகள்

குறுவை அறுவடை முடியும் வேளையில்தான் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகிறது. அரசு ஈரப்பத வரம்பைத் தளர்த்தாத நாட்களில், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிய நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையங்களில் எடுப்பதில்லை என்பதால், மன்னார்குடிப் பக்கம் சாலையோரமெல்லாம் நெல் காய்கிறது. சிறு விவசாயிகளுக்கான உலர்த்தும் கருவி ஒன்றை எங்கள் குழு இப்போது வடிவமைத்து வருகிறது.

தொடக்கத்தில், சந்தையில் உள்ள எந்த உலர்த்தியின் படத்தையும் குழுவினருக்குக் காட்டவேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன். ஜான்சன், ஸ்மித் ஆகிய இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, உறிஞ்சுகுழல் கூடாது என்றும் நிபந்தனை விதித்தார்கள். ஆயினும் உறிஞ்சுகுழல் உள்ள மாதிரிப் படத்தைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட அதிகமாக அதையே வரைந்தார்கள். கண்ணில் பட்ட வடிவம் கையை விடுவதில்லை.

கூடிப் பேசுவதற்கு முன் தனித்தனியே எழுதுவதும் அவசியம். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கவேண்டியிருப்பதால் யோசனைகள் தடைபடுகின்றன என்பதை டீல், ஸ்ட்ரோபே இருவரும் 1987இல் காட்டினார்கள். ஆறு பேர், ஐந்து நிமிடத்துக்கு ஆளுக்கு மூன்று யோசனைகள், பிறகு தாளைப் பக்கத்தவரிடம் தருதல் என்ற ரோர்பாக்கின் முறையில் அரை மணியில் 108 யோசனைகள் கிடைக்கும்.

ஆனால் எண்ணிக்கை கூடினாலே வகை கூடிவிடாது. மின்விசிறியின் அளவை மட்டும் மாற்றிய இருபது படங்கள் என் கணக்கில் ஒரே யோசனைதான். அதனால், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரிசை போட்டு, அதற்கான வழிகளை எழுதி, வரிசைக்கு ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் சுவிக்கியின் அட்டவணை முறைக்குப் போனோம். வெப்பத்துக்கு வெயில், உமி அடுப்பு, மின்சாரம், கண்ணாடித்தாள் கூடாரம். புரட்டுவதற்குக் கால், பல்பலகை, சுழலும் உருளை, அடியிலிருந்து வரும் காற்று. இரண்டு வரிசைகளில் 16 சேர்க்கைகள்.

சாலையில் நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்துச் சால் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், எங்கள் கேள்விக்கு, "காய வைக்கிறது பெரிசில்ல தம்பி, தூறல் விழுந்தா அள்ளுறதுதான் பாடு" என்றார். அந்தச் சொல்லால் 'அள்ளுதல்' என்று மூன்றாவது வரிசை பிறந்தது. அதற்கும் படுதாவோடு சுருட்டுதல், சரிவில் வழியவிடுதல், இருந்த இடத்திலேயே மூடுதல், சக்கரத் தட்டை இழுத்தல் என நான்கு வழிகள் சேர்ந்தன. 16 என்பது 64 ஆயிற்று.

அவற்றில், எந்த வரிசையிலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நான்கைத் தேர்ந்தெடுத்து, மூங்கிலிலும் அட்டையிலும் சிறிய மாதிரிகளாகச் செய்துவருகிறோம்.