விண்டோஸ் 98 கணினியில் பிரிண்டர் போர்ட் கார்டு பொருத்திய அனுபவம்

விருதுநகரில் பருப்பு மண்டி நடத்தும் அண்ணாச்சி ஒருவரின் கடைக் கணினியில் 2013ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் பிரிண்டர் போர்ட் கருகிப்போனது. அது பென்டியம் 3 கணினி. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு மென்பொருளோ அதைவிடப் பழையது. விண்டோஸுக்கு முந்திய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் கிளிப்பர் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டு வெளியூர் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் விவசாயிகளின் முன்பணம், தரகு, சாக்குக் கூலி, எடைச் சீட்டு என மண்டியின் பதினைந்து ஆண்டுக் கணக்கு முழுவதும் அதற்குள் இருந்தது. காலையில் கணினியைப் போட்டால் விண்டோஸ் திரை வராது. டாஸிலேயே நின்று நேராகப் பட்டியல் போடும் திரைதான் வரும். எப்போதாவது விண்டோஸ் தேவைப்பட்டால் கணக்குப்பிள்ளை வின் என்று தட்டச்சு செய்து உள்ளே போவார்.

புதுக் கணினியும் புது மென்பொருளும் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு அண்ணாச்சி சொன்ன காரணத்தை நான் முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன். மண்டியில் பட்டியல் மூன்று படிகளாக விழவேண்டும். வெள்ளைத் தாள் வாங்குபவருக்கு, மஞ்சள் தாள் விற்பவருக்கு, இளஞ்சிவப்புத் தாள் கடைக்கு. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் ஊசிகள் ரிப்பனை அடிக்கும் அடியில்தான் மூன்று தாளிலும் எழுத்து ஒன்றாகப் பதியும். அவரிடம் இருந்த எப்சன் எல்எக்ஸ்-300 பிளஸ் அந்த வேலையைக் குறையில்லாமல் செய்துகொண்டிருந்தது. "தம்பி, மிசின் நல்லா இருக்கு, கணக்கு நல்லா இருக்கு, நடுவுல இருக்கிற வாய்தான் போச்சு" என்றார். நிலைமை உண்மையிலேயே அதுதான்.

போர்ட் ஏன் கருகியது என்று தெரியாமல் புதிய கார்டைப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. பேரலல் போர்ட் என்று அழைக்கப்படும் இந்தப் பிரிண்டர் போர்ட், மின்சாரம் ஓடும்போது கேபிளைச் செருகவும் உருவவும் வடிவமைக்கப்பட்டதன்று. ஆனால் கணக்குப்பிள்ளை தாள் சிக்கும்போதெல்லாம் பிரிண்டரை நகர்த்த வேண்டி கேபிளை ஓடும் நிலையிலேயே கழற்றி மாட்டுவது வழக்கமாக இருந்தது. அதோடு கணினியும் பிரிண்டரும் இரண்டு வெவ்வேறு சுவர்ப் பிளக்குகளில் இருந்தன. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது பிரிண்டர் இருந்த பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 38 வோல்ட் காட்டியது. எர்த் ஒயர் பெட்டிக்குள்ளேயே கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. இரு கருவிகளின் உடல்களுக்கும் இடையே இப்படி மின்னழுத்த வேறுபாடு இருக்கும்போது கேபிளைச் செருகினால், அந்த வேறுபாடு போர்ட்டின் சிறு சிப் வழியாகத்தான் தீரும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிசெய்து, இரண்டு கருவிகளையும் ஒரே பிளக் வரிசைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கார்டைப் பற்றிப் பேசினேன்.

யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிளை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அது விண்டோஸுக்குள் ஒரு யுஎஸ்பி பிரிண்டராகத் தெரியுமே ஒழிய, டாஸ் மென்பொருள் தேடும் எல்பிடி (டாஸில் பிரிண்டர் போர்ட்டின் பெயர்) போர்ட்டாக ஆகாது. மதர்போர்டில் கார்டு செருகும் பழைய வகை ஐஎஸ்ஏ ஸ்லாட் இருந்திருந்தால் ஜம்பர் என்ற சிறு இணைப்பியை மாற்றி முகவரி வைக்கும் கார்டு ஒன்றைப் போட்டு அரை மணியில் முடித்திருக்கலாம். இந்தப் போர்டில் அதற்குப் பின் வந்த வெள்ளை நிறப் பிசிஐ ஸ்லாட்டுகள் மட்டுமே இருந்தன. எனவே சென்னையில் மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போகும் நண்பரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லி அனுப்பினேன். கார்டு சாதாரணப் பிசிஐ ஆக இருக்கவேண்டும், பிசிஐ எக்ஸ்பிரஸாக இருக்கக்கூடாது. கார்டின் மேலுள்ள சிப்பில் 9805 என்ற எண் இருக்கவேண்டும். நெட்மாஸ் 9805 என்ற அந்தச் சிப்பைக் கேட்டதற்குக் காரணம், அதை இயக்கும் விண்டோஸ் 98 டிரைவர் மென்பொருள் உண்டு என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்ததுதான். நெட்மாஸைப் பின்னாளில் வாங்கிய மாஸ்சிப் நம் பக்கத்து ஹைதராபாத் நிறுவனம் என்பதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

கார்டு வந்ததும் முதல் வேலையாக, கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போய், மதர்போர்டிலேயே இருந்த பழைய பேரலல் போர்ட்டை முடக்கினேன். கருகிய போர்ட் உயிரோடு இருப்பதாகப் பயாஸ் நினைத்துக்கொண்டிருந்தால் எல்பிடி1 என்ற முதல் போர்ட்டின் இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கேபினட்டின் இரும்பைத் தொட்டுக் கையில் இருந்த நிலைமின்னை இறக்கி, கார்டைக் கீழ் ஸ்லாட்டில் அழுத்திப் பொருத்தித் திருகினேன். மறுபடி போட்டபோது பயாஸ் காட்டும் பிசிஐ பட்டியலில் 9710, 9805 என்ற இரண்டு எண்கள் ஒரே வரியில் தெரிந்தன. முதலாவது தயாரித்தவரின் எண், அடுத்தது சிப்பின் எண்.

டிரைவர் ஏற்றுவதில் எதிர்பாராத தடை ஒன்று வந்தது. கார்டோடு வந்த சிறிய குறுந்தட்டை அந்தக் கணினியின் சிடி டிரைவ் படிக்க மறுத்தது. விண்டோஸ் 98 தானாகப் பென்டிரைவை அறிந்துகொள்ளாது. என் வீட்டுக் கணினியில் டிரைவர் கோப்புகளை எடுத்து ஒரு 1.44 எம்பி ஃப்ளாப்பியில் போட்டுக் கொண்டுவந்தேன். இடம் தாராளமாகவே போதுமானதாக இருந்தது. பாதி வழியில் விண்டோஸ் 98 சிடியைக் கேட்டபோது, வன்தட்டிலேயே விண்டோஸ் கோப்புறைக்குள் ஆப்ஷன்ஸ், அதற்குள் கேப்ஸ் என்ற இடத்தைக் காட்டியதும் தேவையானதை எடுத்துக்கொண்டது. இந்தக் கோப்புறை எல்லாக் கணினியிலும் இருப்பதில்லை. யாரோ ஒரு நல்ல மனிதர் நிறுவும்போதே நகலெடுத்து வைத்திருந்தார்.

கார்டுக்கு எல்பிடி2 என்ற பெயரே கிடைத்தது. பழைய போர்ட்டின் பதிவு நீங்காமல் இருந்ததுதான் காரணம். விண்டோஸ் 98இல் சாதாரண நிலையில் கண்ணுக்குத் தெரியாத பழைய சாதனங்கள், சேஃப் மோடு என்ற குறைந்தபட்ச நிலையில் திறந்தால், சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் வெளிப்படும். அங்கே போய்ப் பழைய எல்பிடி1 பதிவை நீக்கினேன். கார்டின் பதிவையும் நீக்கி, டிரைவரை மறுபடி ஏற்றினேன். இம்முறை எல்பிடி1 என்றே வந்தது. நோட்பேடில் நான்கு வரி எழுதி அச்சிட்டேன். பிரிண்டர் உடனே அடித்தது. அண்ணாச்சி தேநீர் வரவழைத்தார்.

தேநீர் குடித்து முடிப்பதற்குள் டாஸ் பக்கம் போய்ப் பட்டியல் ஒன்றை அச்சிடச் சொன்னேன். பிரிண்டர் தயாராக இல்லை என்ற செய்திதான் வந்தது.

இந்த இடத்தில்தான் பலர் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்பிடி1 என்ற பெயர் விண்டோஸுக்கு அதன் டிரைவர் சொல்லித் தெரிகிறது. டாஸுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. டாஸ் மென்பொருள் அச்சிடும்போது பயாஸிடம் கேட்கிறது; பயாஸ் நினைவகத்தில் 0040:0008 என்ற இடத்தில் எழுதியிருக்கும் 2 பைட் எண்ணைப் பார்த்து, அந்த எண்ணையே போர்ட்டின் முகவரியாக எடுத்துக்கொள்கிறது. கணினி தொடங்கும்போது பயாஸ் 378, 278 உள்ளிட்ட வழக்கமான மூன்று முகவரிகளை மட்டும் தட்டிப் பார்த்து, பதில் வரும் முகவரியை அங்கே எழுதிவைக்கும். பிசிஐ கார்டோ அந்த மூன்றில் எதிலும் குடியிருப்பதில்லை. அதற்கு எங்கோ தொலைவில் ஒரு முகவரி ஒதுக்கப்படுகிறது. நினைவகத்தையும் போர்ட்டுகளையும் நேராகப் படிக்கவும் எழுதவும் உதவும், டாஸோடு வரும் டீபக் நிரலைத் திறந்து 0040:0008ஐப் பார்த்தபோது அங்கே வெறும் பூச்சியங்களே இருந்தன. கார்டு இருக்கிறது, பிரிண்டர் இருக்கிறது, விலாசம் எழுதவேண்டிய இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

அப்படியானால் விலாசத்தை நாமே எழுதிவிடலாம். விண்டோஸுக்குள் போய் டிவைஸ் மேனேஜரில் கார்டுக்கு ஒதுக்கப்பட்டவற்றைக் காட்டும் ரிசோர்சஸ் பக்கத்தைத் திறந்தால் ஒன்றல்ல, பல முகவரி வரிசைகள் இருந்தன. முதலாவதைக் குறித்துக்கொண்டு டாஸுக்குத் திரும்பி, டீபக்கில் அந்த முகவரியைப் படித்தேன். எஃப்எஃப் என்று வந்தது (இங்கே எண்கள் பதினாறை அடியாகக் கொண்டவை; 9க்குப் பின் ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் வரும்). எந்தக் கருவியும் இல்லாத முகவரியைப் படித்தாலும் அதுதான் வரும். விண்டோஸில் அச்சடித்த கார்டு டாஸில் இல்லவே இல்லை என்பதுபோல் இருந்தது.

அன்றிரவு வீட்டில் யோசித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. பயாஸில் பிளக் அண்டு பிளே இயங்குதளம் இருக்கிறதா என்ற ஒரு கேள்வி உண்டு. அதற்கு ஆம் என்று வைத்திருந்தால், கணினி தொடங்கத் தேவையான கருவிகளை மட்டும் பயாஸ் எழுப்பிவிட்டு, மற்றவற்றுக்கு முகவரி கொடுக்கும் வேலையை விண்டோஸிடம் விட்டுவிடும். இந்தக் கணினி விண்டோஸுக்குப் போகாமல் டாஸிலேயே நிற்பதால், கார்டை எழுப்ப ஆள் இல்லாமல் போனது. மறுநாள் காலை அந்தக் கேள்விக்கு இல்லை என்று மாற்றினேன். விண்டோஸில் மீண்டும் பார்த்தபோது முதல் வரிசை 9400 என்று தொடங்கியது.

டாஸில் டீபக்கைத் திறந்து 9400க்கு 55 என்ற எண்ணை அனுப்பினேன். பிறகு அதே முகவரியைப் படித்தேன். 55 திரும்பி வந்தது. அது தற்செயலாக இருக்கக்கூடாது என்று 33 அனுப்பிப் பார்த்தேன், 33 வந்தது. இது அச்சிடும் எழுத்தை வைக்கும் இடமான, போர்ட்டின் தரவுப் பதிவேடுதான் என்று உறுதியானது. அடுத்த எண்ணான 9401 பிரிண்டரின் நிலையைச் சொல்லும் இடம். அதைப் படித்துவிட்டு, பிரிண்டரிலிருந்து தாளை உருவிவிட்டு மறுபடி படித்தேன், எண் மாறியது. தாளை ஏற்றியதும் பழைய எண்ணே வந்தது. கம்பியின் அந்தப் பக்கம் தாள் இல்லை என்பது இந்தப் பக்கம் ஓர் எண்ணாக வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவு பெரியது.

இனி விலாசம் எழுதவேண்டியதுதான் மிச்சம். 0040:0008இல் 94, 00 என்று எழுதினேன், அச்சு வரவில்லை. இன்டெல் பிராசஸர்களில் 2 பைட் எண்ணின் சிறிய பாதி முன்னால் வரவேண்டும் என்பதை அவசரத்தில் மறந்திருந்தேன். 00, 94 என்று திருத்திய பிறகு பிரிண்டர் தயாராக இல்லை என்ற செய்தி மறைந்தது. ஆனாலும் தாளில் எதுவும் விழவில்லை. கணினி தொடங்கும்போது தான் கண்டுபிடித்த போர்ட்டுகளுக்குத்தான் பயாஸ் தொடக்கச் சைகை அனுப்பும்; நாம் பின்னால் சேர்த்த போர்ட்டுக்கு அது போயிருக்காது. பிரிண்டருக்குக் கட்டளைச் சைகைகளை அனுப்பும் கட்டுப்பாட்டுப் பதிவேடான 9402க்கு முதலில் 08, அடுத்து 0சி என்று அனுப்பினேன். பிரிண்டரின் தலை இடப்பக்க ஓரத்துக்கு ஒருமுறை ஓடி நின்றது. பட்டியல் திரையில் பொத்தானை அழுத்தியதும் மூன்று படிகளும் விழத் தொடங்கின. அண்ணாச்சி இளஞ்சிவப்புத் தாளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்து, கடைசி வரியின் தரகுத் தொகை படிக்க வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

பிராசஸரின் கவனத்தை அழைக்கக் கார்டுக்கு விண்டோஸ் காட்டிய இன்டரப்ட் எண் லேன் கார்டோடு பகிரப்பட்டிருந்ததைக் கணக்குப்பிள்ளையின் மகன் கவனித்துக் கேட்டார். டாஸ் வழியாக அச்சிடும்போது பயாஸ் இன்டரப்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை, நிலைப் பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் படித்தே எழுத்தை அனுப்புகிறது, ஆகவே அந்தப் பகிர்வால் தொல்லையில்லை என்று விளக்கினேன்.

கணினியை அணைத்தால் 0040:0008இல் எழுதியது அழிந்துவிடும். ஆகவே விலாசம் எழுதும் வரி, 9402க்கு அனுப்பும் இரண்டு வரிகள், டீபக்கை விட்டு வெளியேறும் வரி ஆகிய நான்கையும் அச்சுக் கோப்பு என்ற ஒரு சிறு கோப்பில் எழுதி, அதை டீபக்குக்குத் தானாக ஊட்டும் கட்டளையை, டாஸ் தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில், கணக்கு மென்பொருளைத் தொடங்கும் வரிக்கு மேலே சேர்த்தேன். மூன்று முறை முழுதாக அணைத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் பட்டியலும் அச்சிட்டு, வின் என்று தட்டி விண்டோஸிலிருந்தும் ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்த பிறகே கேபினட்டை மூடினேன்.

மூடுவதற்கு முன் ஒரு தாளில் இப்படி எழுதிக் கேபினட் கதவின் உட்பக்கம் ஒட்டினேன்: "இந்தக் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினாலோ, புதிதாக வேறு கார்டு சேர்த்தாலோ 9400 என்ற முகவரி மாறக்கூடும். மாறினால் விண்டோஸில் ரிசோர்சஸ் பக்கத்தின் முதல் வரிசையைப் பார்த்து, அச்சுக் கோப்பில் உள்ள மூன்று எண்களையும் அதற்கேற்ப மாற்றவும். பிரிண்டர் கேபிளைக் கழற்றும் முன் இரண்டையும் அணைக்கவும்." கடைசி வாக்கியத்தைக் கணக்குப்பிள்ளை தானே பெரிய எழுத்தில் இன்னொரு சீட்டில் எழுதி, பிரிண்டரின் மூடியில் ஒட்டிக்கொண்டார்.