பூண்டு வாசனை வீசிய ஆர்க்கிட்

எங்கள் வீட்டில் ஓர் ஆர்க்கிட் இருக்கிறது. பெலனாப்சிஸ் வகை. கிரகப்பிரவேசத்துக்கு மனைவியின் அலுவலகத் தோழி கொடுத்தது. வந்தபோது ஊதா நிறத்தில் ஒன்பது பூக்கள், மூன்று மாதம் வாடாமல் நின்றன. பிளாஸ்டிக்கோ என்று அம்மா கிள்ளிப் பார்த்ததில் ஒன்று போனது, அது வேறு கதை. பூவெல்லாம் கொட்டிய பிறகு மிஞ்சியது ஐந்து இலைகள். அந்த ஐந்துக்கும் நடக்கும் உபசாரத்தில் பாதி நடந்தால்கூட நான் இந்நேரம் பூத்திருப்பேன்.

கொஞ்ச நாளாக இலைகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். ஏதோ நோய் என்று மனைவிக்கு ஒரே கவலை. அந்தக் கவலையோடுதான் நான்கு நாள் பயிற்சிக்குக் கோவை கிளம்பினாள். "அதை மட்டும் தொட்டுடாதீங்க" என்று ரயில் ஏறும்வரை சொன்னாள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன் நான். அவள் அலுவலகம் போனதும் ஸ்ப்ரே பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்து இலைகளுக்குத் தினமும் ஒரு குளியல் போட்டுவிடுவேன். பாவம், வெயில் காலம் இல்லையா? எங்கள் பக்கம் போர் தண்ணீர். வேளச்சேரிக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இரண்டாம் நாள் மத்தியானம், ஒரு மீட்டிங் நடுவே, அந்த வீடியோ கண்ணில் பட்டது. யாரோ ஓர் அம்மணி இலையில் மயோனைஸ் தடவித் துடைக்கிறார். இலை கார் பானெட் மாதிரி ஜொலிக்கிறது. எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஷவர்மாவோடு வந்த பொட்டலங்கள் நாலைந்து கிடந்தன. பூண்டு மயோனைஸ். செடிக்குப் பூண்டு நல்லதுதானே, பூச்சி அண்டாது என்று மனது சமாதானம் சொன்னது. மேல்பக்கம் பூசினேன். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை என்பதால் அடிப்பக்கமும் பூசினேன்.

ஜொலித்தது என்னவோ உண்மை. ஒரு மூன்று மணி நேரம்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். "ஏல, ஒம் பொண்டாட்டி செடிக்கு எறும்பு ஊர்வலம் போவுது, வந்து பாரு." பால்கனிக் கதவிலிருந்து தொட்டி வரை ஒரே வரிசை. கிட்டே போனால் ஷவர்மா கடை வாசலில் நிற்கிற மாதிரி வாசம்.

போட்டோ எடுத்து நர்சரிக்காரருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்ன சார் பூசியிருக்கீங்க?"

"மயோனைஸ்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?"

சிரித்து முடித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். எண்ணெய்ப் பசை எதுவும் இந்த இலைக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய், கடையில் விற்கிற பளபளப்பு ஸ்ப்ரே எல்லாமே தூசியைத்தான் பிடித்து வைக்கும். மூச்சுத் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான். அதாவது, நான் மிகுந்த அக்கறையோடு அடைத்து வைத்த பக்கத்தில். இரவில்தான் அந்தத் துளைகள் திறக்குமாம். அன்று இரவு எனக்குத்தான் மூச்சு முட்டியது.

மறுநாள் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு. பழைய பருத்தி பனியன் துணி. இலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு அடியிலிருந்து நுனிக்கு மெதுவாகத் துடைக்க வேண்டும். தாங்காமல் அழுத்தினால் இலை பட்டென்று முறிந்துவிடும். ஐந்து இலைக்கு முக்கால் மணி நேரம். பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு முறை. நடுக்குருத்தில் தேங்கிய தண்ணீரை டிஷ்யூ பேப்பரைத் திரி மாதிரி முறுக்கி ஒற்றி எடுத்தேன். காட்டில் இது மரத்தில் சாய்ந்து தொங்குகிற செடி, மழை பெய்தாலும் தண்ணீர் வழிந்துவிடும். நாம் தொட்டியில் நிமிர்த்தி வைப்பதால் குருத்தில் நின்று அழுகிப்போகும். குருத்து போனால் புது இலைக்கு வழியே இல்லை.

பசை போயிற்று. வெள்ளைத் திட்டு மட்டும் அப்படியே. மறுபடி போன்.

"அது நோய் இல்ல சார், உப்பு. உங்க பாத்ரூம் குழாயைப் பாருங்க."

பார்த்தேன். அதே வெள்ளை. ஒரு டம்ளர் கேன் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து துடைத்ததும் திட்டு கரைந்து வந்தது. சாறு தங்காமல் வெறும் தண்ணீரில் துடைத்துவிட்டேன். "குழாய்க்கு நான் எலுமிச்சைத் தோல்தான தேய்க்கேன், எங்கிட்ட கேட்டா என்ன?" என்றாள் அம்மா. இலை இப்போது கார் பானெட் மாதிரி இல்லை. அமைதியான பச்சையில், புதிதாய் வந்த அன்று இருந்த மாதிரி இருந்தது.

நான்காம் நாள் இரவு மனைவி வந்தாள். பெட்டியை வைத்ததும் நேரே செடியிடம் போனாள். "அட, நோய் போயிடுச்சே!" முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் மூக்கைச் சுருக்கினாள். "ஏன் பூண்டு வாசனை வருது? நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எனக்காகப் பரிந்துகொண்டு வந்தாள்.

"அவன் ஒண்ணும் பண்ணலம்மா. தெனமும் நீ ஆபீஸ் போனதும் தண்ணி அடிப்பாம்லா, அதக்கூட ரெண்டு நாளா நிறுத்திட்டான்."